ஒன்பதரை அடி ரகசியம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் போயிருக்கிறீர்களா? எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, சிப்காட் பக்கம் நடந்தால் காதில் முதலில் விழுவது இரும்புச் சத்தம்தான். ரோலிங் மில், ஃபவுண்டரி, ஃபேப்ரிகேஷன் ஷெட். நடுநடுவே நாலு லேத்தைப் போட்டுக்கொண்டு ஓடும் சின்னச் சின்னப் பட்டறைகள்.

அப்படி ஒரு பட்டறையில் எனக்குத் தெரிந்த டர்னர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது. வெர்னியரை எடுத்து வைப்பதற்குள் கண்ணாலேயே அளவு சொல்லிவிடுகிற கை. ஒரு நாள் போன் பண்ணினார்.

"சார், ஒரு டவுட்டு. நீங்க பழைய கதையெல்லாம் எழுதுற ஆளு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த அரக்கோணம் விமானம் இருக்குல்ல..."

"எந்த விமானம்?"

"அதான் சார், நாலு இன்ஜின், எட்டு ஃபேன். நாம சின்ன வயசுல 'கொர்ர்ர்'னு தலைக்கு மேல போகும்ல... ரஷ்யாக்காரன் வண்டி. விசாகப்பட்டினம் பீச்ல நிறுத்தி வெச்சிருக்கான். பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். வந்ததுலேர்ந்து 'அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்பா'ன்னு உயிரை எடுக்குறான். மரத்துல கடைஞ்சு குடுத்துடலாம்னு பார்த்தேன். அளவு தேடினா தலை சுத்துது சார். நீளம் ஒரு இடத்துல 49 மீட்டர் சொச்சம்னு போட்டிருக்கான், இன்னொரு இடத்துல 53ன்னு போட்டிருக்கான். அது போகட்டும். பாடி டயா எல்லாரும் 2.9 மீட்டர்னு ஒரே மாதிரி சொல்றான். அதுதான் உதைக்குது."

"ஒரே மாதிரி சொன்னா நல்லதுதானே?"

"இல்ல சார். ரஷ்யாக்காரன் மில்லிமீட்டர் ஆளு. புதுசா ஒரு விமானம் வரையறவன் ரவுண்டா மூணு மீட்டர்னு வெச்சிட்டுப் போவான். இல்லாட்டி ரெண்டே முக்கால். அதென்ன 2.9? கணக்கு எங்கியோ வேற இடத்துல இருந்து வந்திருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ வரலாற்று ஆசிரியர்கள் தடிதடியாக எழுதிய ஒரு கதையின் வால் நுனியை, ஒரு லேத் பட்டறைக்காரர் வெறும் டயாமீட்டரை வைத்துப் பிடித்துவிட்டார்!

சரி, அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

* * *

முதலில் விமானம் யாரென்று சொல்லிவிடுகிறேன். டுபோலெவ் டி.யு-142. கடலுக்கு மேல் மணிக்கணக்கில் சுற்றி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ராட்சசன். இறக்கை மட்டும் 50 மீட்டர் அகலம். 1988-ல் சோவியத் யூனியனிடமிருந்து நம் கடற்படைக்கு வந்தது. மொத்தம் 8 விமானங்கள். முதலில் கோவாவில் இருந்தன. 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்கிற கடற்படை விமானத் தளம் தொடங்கப்பட்டதும் இங்கே குடிவந்தன. ஓடுபாதை மட்டும் நாலு கிலோமீட்டர்! இரண்டு மூன்று பஸ் ஸ்டாப் தூரம்.

அன்றிலிருந்து 2017 மார்ச் 29-ம் தேதி விடைபெறும்வரை, அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூர் பக்கத்து ஜனங்களுக்கு அது ஒரு பழகிப்போன சத்தம். ஒரே அச்சில் இரண்டு புரொப்பல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். நாலு இன்ஜினுக்கு எட்டு 'ஃபேன்'. அந்த இரைச்சல் தனி ரகம். உலகத்திலேயே சத்தம் அதிகமான விமானங்களின் பட்டியலில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு இடம் உண்டு.

ஓய்வு பெற்றதில் ஒன்றைத்தான் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் மியூசியமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் திறந்தார்கள். உள்ளேயே ஏறிப் பார்க்கலாம்.

இனி, 2.9 மீட்டர். இதற்கு நாம் 1944-க்குப் போக வேண்டும். போகிற இடம் ரஷ்யா அல்ல... மேற்கு வங்காளம்!

* * *

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் பாதை கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, விசாகப்பட்டினத்தைத் தாண்டி, கடைசியில் கரக்பூர் வழியாகத்தான் போகிறது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கரக்பூரைச் சுற்றி அமெரிக்கர்கள் நாலைந்து விமானத் தளங்கள் வைத்திருந்தார்கள். அங்கே நின்றவை போயிங் கம்பெனியின் பி-29. 'சூப்பர்ஃபோர்ட்ரஸ்' என்று பெயர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய, அதைவிட நவீனமான குண்டுவீச்சு விமானம் எதுவும் போருக்கு வரவில்லை. காற்றழுத்தம் சீராக்கப்பட்ட கேபின், ரிமோட்டில் சுடும் துப்பாக்கிகள் என்று எல்லாமே புதுசு.

நம் பக்கத்து வீட்டுக்கும் அது வந்து போயிருக்கிறது. 1944 ஆகஸ்ட் 10-ம் தேதி இலங்கையில் திருகோணமலை சீனன்குடாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29-கள் கிளம்பி, சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் போயின. 

கரக்பூர்க் கூட்டத்தின் முக்கியமான வேலை, சீனாவில் இறங்கி, பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஜப்பானையும் ஜப்பான் பிடித்திருந்த மஞ்சூரியாவையும் தாக்குவது. தூரம் அதிகம். திரும்பி வர எரிபொருள் போதாமலோ, இன்ஜின் பழுதாகியோ தவித்தால், பக்கத்தில் இறங்குவதற்கு இருந்த ஒரே நட்பு நாடு சோவியத் யூனியன். அங்கேதான் விவகாரம். ஹிட்லரை எதிர்ப்பதில் அமெரிக்காவும் ரஷ்யாவும் தோழர்கள். ஆனால் ஜப்பானோடு ரஷ்யா 1941 ஏப்ரலில் நடுநிலை ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆகவே ஜப்பானைத் தாக்கிவிட்டு வரும் அமெரிக்க விமானம் ரஷ்யாவில் இறங்கினால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது சட்டம்!

1944 ஜூலை 29. 'ராம்ப் ட்ராம்ப்' என்கிற பி-29 விளாடிவாஸ்டாக்கில் இறங்கியது. நவம்பரில் இன்னும் இரண்டு: 'ஜெனரல் ஹெச்.ஹெச். அர்னால்ட் ஸ்பெஷல்', 'டிங் ஹாவ்'. நடுவில் ஒன்று விழுந்து நொறுங்கியது. விமானிகளை ரஷ்யர்கள் கொஞ்ச நாள் வைத்திருந்து, ஈரான் வழியாக 'தப்பித்துப் போக' விட்டுவிட்டார்கள். விமானங்களை மட்டும் விடவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. ஸ்டாலின் இந்த பி-29-ஐக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அமெரிக்கா தரவில்லை. கேட்டும் கிடைக்காத பொருள் மூன்று முறை தானாக வந்து வாசலில் இறங்கினால் யார் விடுவார்கள்?

* * *

மாஸ்கோ. 1945. ஆந்த்ரேய் டுபோலெவ் என்கிற விமான வடிவமைப்பாளருக்கு அழைப்பு வந்தது.

டுபோலெவ் சாதாரண ஆசாமி இல்லை. சோவியத் விமானத் துறையின் பிதாமகர்களில் ஒருவர். அதே சமயம், 1937-ல் ஸ்டாலினின் போலீஸால் கைது செய்யப்பட்டு, சிறைக்குள்ளேயே விமானம் வரைந்து, 1941-ல்தான் வெளியே வந்தவர். அவருடைய சொந்த வடிவமைப்பு ஒன்று கையில் இருந்தது. அதை ஓரம்கட்டிவிட்டு ஸ்டாலின் சொன்னது இது: போயிங்கை அப்படியே காப்பி அடியுங்கள். எந்த மாற்றமும் கூடாது.

டுபோலெவ் மூன்று வருஷம் கேட்டார். கிடைத்தது இரண்டு.

'காப்பி அடிப்பதுதானே, ஈஸி' என்று நினைத்தால், நீங்கள் ஒரு பழைய மிக்ஸியைக்கூடப் பிரித்து மாட்டியதில்லை என்று அர்த்தம்.

மூன்று விமானங்களையும் மாஸ்கோவுக்கு ஓட்டி வந்தார்கள். ஒன்றைப் பறக்கவிட்டுச் சோதனை செய்தார்கள். ஒன்றைத் தொடாமல் 'பார்த்துச் சரிபார்க்க' வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதை ஹேங்கருக்குள் தள்ளி, பிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த மூன்றாவது 'அர்னால்ட் ஸ்பெஷல்'. அமெரிக்க விமானப்படைத் தலைவரே 1944 ஜனவரியில் தொழிற்சாலைக்குப் போய், 'இது சீக்கிரம் வேண்டும்' என்று அதன் உடம்பில் கையெழுத்துப் போட்ட விமானம். அது இப்படி மாஸ்கோவில் பப்படம் மாதிரி உடைபடும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கிட்டத்தட்ட 1,05,000 பாகங்கள். ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். நம்பர் போட வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். அளக்க வேண்டும். என்ன உலோகம் என்று சோதிக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரை அனுமதி என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். நாடு முழுக்கச் சுமார் 900 தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் இதில் இழுத்துவிடப்பட்டன.

அளந்தவர்களுக்கு முதல் நாளே அதிர்ச்சி. எந்த அளவும் உட்கார மாட்டேன் என்கிறது! எதை அளந்தாலும் மில்லிமீட்டரில் பின்னம்.

காரணம், விமானம் இன்ச்சில் கட்டப்பட்டது. அளப்பவர்கள் கையில் இருப்பதோ மில்லிமீட்டர்.

* * *

இந்தக் கஷ்டம் நமக்குப் புரியும். ஏனென்றால் நாம் இரண்டு உலகத்திலும் காலை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். இந்தியாவில் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956-ல். 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் கிராமும் கடைக்கு வந்தன. வீசையும் பலமும் படியும் போயின. ஆனால் இன்றைக்கும் வீட்டு மனை 'கிரவுண்ட்' கணக்கு. வாடகை சதுர அடிக் கணக்கு. தச்சர் 'ரெண்டு நூல் தட்டணும்' என்பார். ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு இன்ச். கும்மிடிப்பூண்டி பட்டறையில் டிராயிங் மில்லிமீட்டரில் தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டே டர்னர் உதவியாளிடம் 'இன்னும் பத்து தௌ எடுறா' என்பார். தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று.

இதே திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியையே எடுத்துக்கொள்ளுங்களேன். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அது பிரிட்டிஷ் வடிவமைப்பு. 1980-களில் அதே தொழிற்சாலைக்குள் டி-72 வந்தது. அது சோவியத் வடிவமைப்பு. கூரை ஒன்று, கை ஒன்று, டிராயிங் மட்டும் வேற வேற தேசத்து ஜாதகம்!

நாம் சமாளித்துவிடுகிறோம். ரஷ்யர்களால் ஏன் சமாளிக்க முடியவில்லை?

ஒரு உதாரணம் பார்த்தால் போதும். விமானத்தின் தோல், அதாவது மேலே போர்த்தியிருக்கும் அலுமினியத் தகடு. ஒரு இடத்தில் அதன் கனம் பதினாறில் ஒரு இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் 1.5875. இந்தக் கனத்தில் சோவியத் ரோலிங் மில்லில் தகடு கிடையாது. 1.5 போட்டால், அசலைவிட 5.5 சதவிகிதம் மெலிசு. அந்த இடம் பலம் போதாமல் கிழியலாம். சரி, பத்திரமாக இருக்கட்டும் என்று 2 மில்லிமீட்டர் போட்டால், 26 சதவிகிதம் கனம் கூடிவிடும். அந்த ஒரு இடத்தில் கூடினால் பரவாயில்லை. விமானம் பூராவும் இப்படிக் கூடினால்? எடை ஏறும். எடை ஏறினால் தூரம் குறையும். மாஸ்கோவுக்கு வேண்டியதே தூரம்தான்!

'இன்ச் தகடே உருட்டிக்கொடுங்கள்' என்று கேட்கலாமே? கேட்டால் மில்லில் ரோலர் முதற்கொண்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்கே இரண்டு வருஷம் போய்விடும்.

ஆகவே டுபோலெவின் ஆட்கள் தகடு தகடாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பாரம் அதிகம் விழும் இடமா? கொஞ்சம் தடிமனான தகடு. பாரம் குறைவா? மெலிசு. ஒரு இடத்தில் ஏற்றியதை இன்னொரு இடத்தில் இறக்கி, கடைசியில் மொத்த எடையைச் சமன் செய்ய வேண்டும். தகட்டுக்கு மட்டுமல்ல, ஒயருக்கும் ஆணிக்கும் இதே பஞ்சாயத்து.

அதாவது, 'அப்படியே காப்பி' என்று உத்தரவு. ஆனால் அப்படியே காப்பி அடிப்பது சாத்தியமே இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக யோசித்தால்தான் பழைய மாதிரியே வரும்! இதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று டுபோலெவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜெயில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தப் பயத்திலிருந்து நிறையக் கதைகள் முளைத்தன. அசல் விமானத்தின் இறக்கையில் தவறுதலாகப் போடப்பட்டிருந்த ஒரு ஓட்டையைக்கூட எல்லாக் காப்பியிலும் போட்டார்கள் என்று ஒரு கதை. பெடலில் 'போயிங்' என்கிற எழுத்தையும் சேர்த்து வார்த்தார்கள் என்று இன்னொரு கதை. கதைகள்தான். ஆனால் ஒரு தேசத்தின் இன்ஜினீயர்கள் எந்த மனநிலையில் அளந்துகொண்டிருந்தார்கள் என்பதை இவை சொல்லிவிடுகின்றன, இல்லையா?

முடிவு? சும்மா சொல்லக்கூடாது. 1947 மே 19-ல் முதல் காப்பி பறந்துவிட்டது. பெயர் டி.யு-4. அசல் பி-29-ன் வெற்று எடையோடு ஒப்பிட்டால் கூடுதல் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு! இன்ஜின் ரஷ்யர்களுடையது, துப்பாக்கிகளும் அவர்களுடையவை. மற்றபடி இரட்டைப் பிள்ளை.

அதே வருஷம் ஆகஸ்ட் 3. மாஸ்கோ துஷினோ மைதானத்தில் விமானப்படைக் கொண்டாட்டம். வெளிநாட்டுப் பிரதிநிதிகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மூன்று பி-29 வருகிறது. 'நம்முடைய மூன்றுதான். பறித்துக்கொண்டதை ஓட்டிக் காட்டுகிறார்கள்' என்று நினைத்தார்கள் அமெரிக்கர்கள். பின்னாலேயே நாலாவதாக ஒன்று வந்தது. அதே இறக்கை, அதே வால், ஆனால் உடம்பு பயணிகள் விமானம்! மூன்று திருடலாம். நாலாவது எங்கிருந்து வரும்? ரஷ்யாவே செய்ய ஆரம்பித்துவிட்டது என்பது அந்த நொடியில் உறைத்தது.

மொத்தம் 847 டி.யு-4-கள் கட்டினார்கள். 1951 அக்டோபரில் சோவியத் யூனியன் முதன்முதலாக விமானத்திலிருந்து ஒரு அணுகுண்டைப் போட்டுச் சோதித்தது. போட்டது ஒரு டி.யு-4.

* * *

இங்கேதான் நம் டர்னரின் 2.9 வருகிறது.

டி.யு-4-ஐக் கட்டியபோது தொழிற்சாலைகளில் அச்சுகளும் தாங்கிகளும் ஜிக்குகளும் ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்குத் தயாராகிவிட்டன. அடுத்து டி.யு-80, அதற்கடுத்து டி.யு-85 என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இறக்கை மாறியது, நீளம் மாறியது, இன்ஜின் மாறியது. உடம்பின் குறுக்கு அளவு மட்டும் மாறவில்லை. 1952 நவம்பரில் பறந்த டி.யு-95-ல் இறக்கையைப் பின்பக்கம் சாய்த்து, இரட்டை புரொப்பல்லர் மாட்டி, பார்க்க வேறு ஜாதியாக்கிவிட்டார்கள். உடம்பு அதேதான். 1968-ல் அதைக் கடலுக்கு ஏற்றவாறு நீட்டி டி.யு-142 ஆக்கினார்கள். குறுக்கு அளவு அதேதான்.

2.9 மீட்டரை அடியாக்கிப் பாருங்கள். ஒன்பதரை அடி! பி-29-ன் உடம்பு, ஒன்பது அடி ஆறு இன்ச்.

அமெரிக்காவில் யாரோ ஒரு போயிங் டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலால் போட்ட ஒன்பதரை அடி. அது கரக்பூர் வந்து, விளாடிவாஸ்டாக்கில் இறங்கி, மாஸ்கோவில் மில்லிமீட்டராகி, நாற்பது வருஷம் கழித்து அரக்கோணத்துக்கு வந்து நம் தலைக்கு மேல் பறந்தது. பெயர் மாறும், கொடி மாறும், ஜிக் மட்டும் மாறாது என்பது பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

* * *

இதுவரை ரஷ்யர்கள் அளந்த கதை. ரஷ்ய விமானங்களை மற்றவர்கள் அளந்த கதையும் சுவாரஸ்யம்தான்.

சோவியத் காலத்தில் ஒரு விமானத்தின் அளவு என்பது ராணுவ ரகசியம். விமானம் என்ன, ஊர் வரைபடத்தையே வேண்டுமென்றே தப்பாக அச்சடித்த நாடு அது. ஆற்றையும் சாலையையும் தள்ளிப் போட்டு வரைந்தோம் என்று 1988-ல் அவர்களுடைய தலைமை வரைபட அதிகாரியே ஒப்புக்கொண்டார். அப்புறம் மிக் விமானத்தின் இறக்கை நீளத்தை யார் சொல்வார்கள்? வெளியே இருப்பவர்கள் அணிவகுப்புப் போட்டோக்களை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் ஆள் இவ்வளவு உயரம் என்றால் விமானம் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மாடல் விமானம் விற்கும் கம்பெனிகள் அந்த உத்தேசத்தை அச்சில் வார்த்துக் குழந்தைகளுக்கு விற்றன.

உத்தேசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிக்-25 சரியான சாட்சி. அதன் பெரிய இறக்கையைப் போட்டோவில் பார்த்த அமெரிக்கர்கள், 'இவ்வளவு பெரிய இறக்கை என்றால் சுற்றிச் சுழன்று சண்டை போடும் மகா விமானம்' என்று முடிவு கட்டினார்கள். 1976 செப்டம்பர் 6-ம் தேதி விக்டர் பெலென்கோ என்கிற சோவியத் விமானி ஒரு மிக்-25-ஐ ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானின் ஹகோடாதே விமான நிலையத்தில் இறங்கிவிட்டார். அமெரிக்கர்கள் ஓடிவந்து பிரித்துப் பார்த்தார்கள். உடம்பில் பெரும்பகுதி எஃகு! அந்த இறக்கை சுழல்வதற்கு அல்ல, அந்தக் கனத்தைத் தூக்குவதற்கு. நீள அகலத்தைக் கணக்குப் போட்டவர்கள் எடையைக் கோட்டை விட்டிருந்தார்கள். விளாடிவாஸ்டாக் கதை முப்பத்திரண்டு வருஷம் கழித்து எதிர்த் திசையில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் விமானப்படையும் 1981 முதல் 2006 வரை மிக்-25 ஓட்டியது.

உத்தேசம் வேண்டாம், அதிகாரபூர்வமான அளவு கிடைத்தாலும் சிக்கல் தீராது. மிக்-21-ஐப் பாருங்கள். நாசிக்கில் நாமே அறுநூறுக்கும் மேல் கட்டிய விமானம். 2025 செப்டம்பர் 26-ல்தான் கடைசியாக விடைகொடுத்தோம். அதன் நீளம் ஒரு புத்தகத்தில் 15.76 மீட்டர் என்று இருக்கும். இன்னொன்றில் ஒரு மீட்டருக்கு மேல் குறைவாக இருக்கும். இரண்டும் பொய் இல்லை. மூக்கில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைச் சேர்த்து அளந்தவர் ஒருவர், சேர்க்காமல் அளந்தவர் இன்னொருவர். எங்கிருந்து எங்கே வரை என்று சொல்லாத அளவு, அளவே இல்லை.

அதனால்தான் விவரம் தெரிந்த மாடல்காரர்கள் மொத்த நீளத்தை நம்புவதில்லை. இறக்கை அகலம், சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம், உடம்பின் குறுக்கு அளவு மாதிரி 'ஏமாற்ற முடியாத' அளவுகளை முதலில் பிடிப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நேர் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் மற்றதைக் கணக்கிடுவார்கள். 1991-க்கு அப்புறம் சோவியத் கதவு திறந்ததும், மியூசியத்தில் நிற்கும் விமானத்தடியில் நாடாவோடு போய்க் குனிந்தவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. மாடல் விமானங்களில் அதிகம் புழங்கும் அளவு 72-ல் ஒன்று. அதென்ன 72? பத்து, ஐம்பது, நூறு என்று இல்லாமல்? ஒரு இன்ச்சுக்கு ஆறடி! ஒரு ஆள் உயரம் ஒரு இன்ச். 1930-களில் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுப்பதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாடல் கேட்டபோதும் இதே அளவுதான். அதாவது, மில்லிமீட்டர் தேசத்து விமானத்தை இன்றைக்கும் உலகம் இன்ச்சுக் கணக்கில்தான் பொம்மை செய்கிறது. டுபோலெவின் ஆட்கள் பட்ட பாட்டை ஒவ்வொரு மாடல்காரரும் தன் மேஜையில் திரும்பப் படுகிறார், தலைகீழாக!

* * *

இத்தனையையும் நம் டர்னரிடம் சொன்னேன். கதை பூராவும் 'உம்' கொட்டிக் கேட்டவர், ஒன்பதரை அடி வந்ததும் ஒரே குதி.

"நான் சொல்லல? ரஷ்யாக்காரன் வெச்ச சைஸ் இல்ல சார் அது!"

அப்புறம் கணக்கில் இறங்கிவிட்டார். 72-ல் ஒன்று என்றால் 2.9 மீட்டருக்கு 40.28 மில்லிமீட்டர் டயா. அசல் ஒன்பதரை அடி என்று போட்டால் 40.22. இறக்கை கிட்டத்தட்ட எழுபது சென்டிமீட்டர் வரும், ஷோகேஸில் அடங்காது, டி.வி. மேலேதான் வைக்க வேண்டும் என்றார்.

"ரெண்டுல எது வெக்கப் போறீங்க? போயிங் கணக்கா, டுபோலெவ் கணக்கா?"

"ஒரு தலைமுடி வித்தியாசம் சார். தேக்கு மரம். மழைக்காலம் வந்தா அதுவே அதுக்கு மேல உப்பிக்கும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பையன் கேட்பான். நாப்பது புள்ளி ரெண்டு ரெண்டே வெச்சிடறேன். கேட்டா சொல்றதுக்கு ஒரு கதை வேணும்ல" என்றார்.

போன மாதம் அந்த மாடலைப் பார்த்தேன். எட்டு ஃபேனும் இருக்கிறது. நாலு ஒரு பக்கம் சுற்றுகிறது, நாலு எதிர்ப்பக்கம். பையன்தான் ஊதிக் காட்டினான்.

"இப்போ அரக்கோணத்துல எந்த விமானம் ஓடுது அங்கிள்?" என்று கேட்டான்.

டி.யு-142 போன இடத்தில் பி-8ஐ என்கிற விமானம் வந்திருக்கிறது என்று சொன்னேன். 2013-லேயே முதல் விமானம் வந்து இறங்கிவிட்டது. செய்தவர்கள் யார் என்றும் சொன்னேன்.

போயிங்!

அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு டர்னர் கேட்டார்: "அதோட பாடி டயா எவ்ளோ சார்?"